மக்கீன் நானாவுக்கு நன்றி

2008இல் மாத்தளை திருகோணமலை வீதியில் நானும் ஹமீமாவும் சேர்ந்து கம்ப்யூட்டர் திருத்தும் கடை ஒன்று வைத்திருந்தோம். கடை நேரம் போக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பும் முதல் நிரலை, யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக, பல நாடுகளில் இருந்து சிலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. அங்கே வருகிற நிரல்களைப் படித்துக் குறை சொல்வது என் பங்கு. குறை சொல்ல எனக்கு யாராவது சொல்லித்தரவா வேண்டும்?

அந்த நிரலில் எழுதியவர் என்று தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் ஹமீமாவின் ஒரே ஆசை. கடைக்கு வருகிறவர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பாஸ் இல்லையா?" என்று கேட்டுக் கேட்டே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. தம்புள்ளை மரக்கறி வியாபாரி ஒருவர் விட்டுப்போன பழைய மதர்போர்டு ஒன்றை எழுப்பும் நிரலை மாய்ந்து மாய்ந்து எழுதி, "பாருங்க அக்கா" என்று என் முன்னால் வைத்தாள்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "கம்பனி ஃபைலைத் தந்துதவிய மக்கீன் நானாவுக்கு மனமார்ந்த நன்றி."

கீழே ஒரு வரிகூடப் படிக்காமல் திரையை அணைத்தேன்.

"யாரு புள்ள இந்த மக்கீன் நானா?"

"எங்கட பெரியும்மாட மகன், எனக்கு அண்ணன் முறை. மலேசியாவுல, இந்த போர்ட் செய்ற கம்பனியிலதான் வேலை. அவங்க எழுதின நிரல அனுப்பினாரு, அதப் பாத்துத்தான் எழுதினேன். உதவி செஞ்சவருக்கு நன்றி சொல்லாம எப்படி அக்கா?"

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எங்கள் ஊரில் பந்தல் போட்டவருக்கும் மைக் தந்தவருக்கும் நன்றி சொல்லாமல் ஒரு கூட்டம் முடியாது. ஆனால் திருடிய வீட்டில் நன்றி எழுதி வைத்துவிட்டு வந்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"அது கம்பனி சொத்து புள்ள. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நாம உரிமம் குடுக்குறோம். குடுக்குறது நம்மளோடதா இருக்க வேணாமா? இத சேத்தா எல்லாரோட உழைப்பும் வழக்குல மாட்டிக்கும். ஒங்க நானா வேலையும் போயிரும்."

"நன்றிய மட்டும் அழிச்சா?"

"ஹமீமா!"

"அப்ப வேற மாதிரி எழுதுறேன்."

"நீ பாத்துட்ட. இனி எப்படி மாத்தி எழுதினாலும் பாத்து எழுதினதாத்தான் ஆகும். இந்த போர்டுக்கு இனி நீ எழுதக்கூடாது."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஒரு வழிதான் இருந்தது. போர்டு என்ன செய்கிறது என்பதை மட்டும் அவள் சொல்ல வேண்டும், ஃபைலைப் பார்க்காத நான் எழுத வேண்டும்.

மறுநாள் முதல் அவள், நான் எழுதுவது கண்ணில் படாதபடி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சொன்னாள், நான் எழுதினேன். போர்டு எழும்பவே இல்லை.

"அக்கா, மெமரிக்கு கரண்ட் போய் நிலைக்க முந்தியே அவசரப்படுறீங்க."

"நான் எங்க அவசரப்பட்டேன்?" என்று கத்தினேன். அவசரப்பட்டுத்தான் இருந்தேன். கொஞ்சம் காத்திருக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்ததும் திரையில் எழுத்து ஓடியது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடை ஜுனைதீன் பதறி ஓடிவந்தார்.

"என்னமோ வெடிச்சிட்டுதாக்கும்னு நெனச்சேன்!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

அனுப்பும்போது, எழுதியவர் என்ற இடத்தில் ஹமீமாவின் பெயரைத் தட்டினேன்.

"ஒன்னோட உழைப்புதானே? யாருக்குத் தெரியப்போகுது?"

அத்தனை நாள் சட்டம் பேசிய அதே வாய்தான் இதையும் சொன்னது. ஹமீமா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டுப் புஷ்பவதி என்று என் பெயரைப் போட்டாள். அதற்குக் கீழே, சோதித்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.

"எழுதினது நான் இல்லையே அக்கா. எழும்புதான்னு பார்த்தது நான்தான். அது உண்மை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அனுப்பும் பட்டனை அவளையே அழுத்தச் சொன்னேன்.