பலகைக்கு மேலே ஒரு முழம்

ஜெனவீவ் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால், சூசைமுத்துவுக்கு மிச்சமிருப்பது தலையாட்டுகிற வேலை மட்டும்தான். கொரோனா விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. நாட்டை அரசாங்கம் பூட்டியது. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் அந்த ஒரு வீட்டை மட்டும் ஜெனவீவ் தன் கையால் பூட்டினாள். அவளுடைய பூட்டுத்தான் கெட்டி.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் பேட்ரிசியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் லூகாஸ் பத்தாங் காலியில் லோரி ஓட்டுகிறவன். மாவட்டம் தாண்டக் கூடாது என்று உத்தரவு வருவதற்குள் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கைப்பேசியில்தான் முகம் காட்டினான். அந்த மாதம் பிள்ளைத்தாய்ச்சிகள் மூச்சுத் திணறிச் செத்துப்போகிற செய்தி தினம் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. பிள்ளை பிழைத்துத் தாய் போன கதை, தாயும் பிள்ளையுமாகப் போன கதை. ஜெனவீவ் ஒன்று விடாமல் கேட்பாள், கேட்டுவிட்டு எழுந்துபோய் இன்னொரு முறை கதவைத் துடைப்பாள்.

வாசலில் ஒரு தோம்பு சவர்க்காரத் தண்ணீர். செருப்புக்கு வெளியே ஒரு பலகை. மாதா படத்துக்குக் கீழே, தீர்த்த போத்தலுக்குப் பக்கத்தில், கை துடைக்கும் மருந்து. உருளைக்கிழங்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பெண்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். டிராக்டர் ஓட்டிவிட்டு வரும் சூசைமுத்து, வெளிக்குழாயில் கைலியோடு குளித்து, ஈரத்தோடு நின்று, "உள்ளார வரலாமா, தொரசானி?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும். கேலிதான். ஆனாலும் கேட்காமல் ஏறியதில்லை.

எல்லாம் முடிந்தபிறகுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள்.

அந்தக் காலத்தில் கட்டிய பலகை லயம் அது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. அதுவும் கூரைவரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். இந்த வீட்டுத் தாளிப்புக்கு அந்த வீட்டில் தும்மல் வரும். அந்த வீட்டுப் பேச்சுக்கு இந்த வீட்டிலிருந்து பதில் போகும். அந்தப் பக்கம் குடியிருந்தவர் இருசப்பன். மனைவி இறந்து வருடங்களாயிற்று. ஒரே மகன் பவனேஷ் சிங்கப்பூரில் வேலை. எல்லைப் பாலத்தை அடைத்ததிலிருந்து அவனால் வர முடியவில்லை. இருசப்பன் ஒண்டியாக இருந்துகொண்டு, காப்பார் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜாகா என்கிற காவல் வேலைக்குப் போய்வந்தார்.

ஜெனவீவும் அவரும் அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். உடன்பிறந்தான் இல்லாத அவளுக்கு அண்ணன் முறைக்கு அவர்தான். அவர் சாமி முருகன், இவள் சாமி மாதா. அதைப்பற்றி இரண்டு பேருமே கவலைப்பட்டதில்லை. பேட்ரிசியாவுக்கு மாதா கோயிலில் நடந்த கல்யாணத்தில் தாய்மாமன் வீட்டுச் சீராகப் பித்தளைக் குடம் வாங்கிவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதிரியாரிடம் நீட்டிய மனிதர். இன்றைக்கும் குழம்பு கொதித்தால் தடுப்புக்கு மேலே குரல் வரும்:

"தங்கச்சி! வாசம் தூக்குதே, என்னா இன்னிக்கு?"

"கருவாடுண்ணே."

"சொல்லவே இல்ல பாரு."

அவ்வளவுதான். நீலக்கரை போட்ட எனாமல் மங்கில் குழம்பை ஊற்றி, முக்காலியில் ஏறி, தடுப்பின் மேல்கட்டையில் வைப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். மறுநாள் கழுவிய மங்கு அதே இடத்தில் இருக்கும். அவளிடம் ஜோடி மங்குகள் இருந்தன. ஒன்று போனால் மற்றது வந்திருக்கும்.

அந்த ஒரு முழத்தைத்தான் ஜெனவீவ் பார்த்துக்கொண்டு நின்றாள். தொழிற்சாலையில் எத்தனையோ பேர் வந்துபோகிற இடத்தில் அவர் காவலுக்கு நிற்கிறார். அவர் விடுகிற மூச்சு நேராக இந்தப் பக்கம் வருகிறது. கீழே பேட்ரிசியா படுத்திருக்கிறாள்.

"ஏங்க, அதை அடைச்சிருங்க" என்றாள்.

சூசைமுத்து இந்த முறை தலையாட்டவில்லை. "மச்சான் என்ன நெனைப்பாரு, ஜெனி? இத்தினி வருசமா தொறந்து கெடந்தது. இப்ப போயி மூஞ்சில அடிச்சாப்ல..."

"பாப்பாவுக்கு ஒண்ணுன்னா மச்சான் வந்து மூச்சு விடுவாரா?"

சூசைமுத்து போய்ப் பலகை கொண்டுவந்தார்.

ஆணி அடிப்பதற்கு முன்னால் அவளேதான் முக்காலியில் ஏறிச் சொன்னாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு சொன்னதால் குரல் கொஞ்சம் அதிகாரமாகவே வந்துவிட்டது.

"அடைங்க தங்கச்சி, நல்லா அடைங்க" என்றார் இருசப்பன். "புள்ளத்தாச்சி இருக்கற வீடு. வேணும்னா எம்பக்கமும் ஒரு பலகை அடிச்சுர்றேன் லா, டபுள் ஸ்ட்ராங்கா இருக்கும்." சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பு இல்லை என்று ஜெனவீவுக்குப் பட்டது. "கொஞ்சம் இரு. இதை வாங்கிக்க மொதல்ல."

மேல்கட்டைக்கு மேலே ஒரு நெகிழிப்பை வந்தது. உள்ளே தொட்டில் ஸ்பிரிங். புத்தம்புதியது, எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகவில்லை. உத்தரத்தில் மாட்டிச் சேலையைக் கட்டினால் பிள்ளை தானாக ஆடும்.

"தொட்டில் மாமன் முறை. நான் போட்டதுன்னு சொல்லு" என்றார்.

அதுதான் அந்த வழியாக வந்த கடைசிப் பொருள். ஜெனவீவ் அதை பிளீச் தண்ணீரில் ஊறப்போட்டாள். சூசைமுத்து பலகையை அடித்து, கிழிந்த பழைய மெத்தையின் பஞ்சை இடுக்கெல்லாம் திணித்தார். வீடு அமைதியாகிப்போனது. இருசப்பனின் வானொலி, குறட்டை, அதிகாலைக் கந்தர் பாட்டு எல்லாம் நின்றன. முதல் நாள் நன்றாகத் தூங்கினாள் ஜெனவீவ். பிற்பாடு அவள் தன்னை மன்னிக்காத விஷயங்களில் அந்தத் தூக்கமும் ஒன்று.

சோற்றை அவள் நிறுத்திவிடவில்லை. அப்படிப்பட்டவள் அல்ல. மங்கை மூடி அவர் வீட்டுப் படியில் வைத்து, துடைப்பக் கட்டையால் சன்னலைத் தட்டிவிட்டு, அவர் வருவதற்குள் திரும்பிவிடுவாள். மறுநாள் கழுவிய மங்கு படியில் இருக்கும். சில நாள் அவர் வாசலுக்கு வந்து, தூரத்திலிருந்தே, "மருமவ எப்படி இருக்கு?" என்று கேட்பார். ஜெனவீவ் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். நின்று பேசுவதற்கு என்ன, நூறு அடி தள்ளி நின்று பேசியிருக்கலாம்.

பிறகு ஒருநாள் மங்கு திரும்பி வரவில்லை. மிச்சமிருந்த மங்கில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள்.

அன்று பிற்பகல் பேய்மழை. தகரக் கூரையில் அந்த மழை அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதே சரியாகக் காதில் விழாது. ஜெனவீவ் குழந்தைத் துணிகளை இரண்டாவது முறையாகத் துவைத்து அடுப்படியில் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். பேட்ரிசியாதான் முதலில் நிமிர்ந்தாள்.

"அம்மா, ஏதோ சத்தம் கேக்குது."

டொக். டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக்.

தடுப்பிலிருந்துதான் வந்தது. ஜெனவீவ் கேட்டாள். கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது.

"ஆணி அடிக்கிறாரு" என்றாள். "சொன்னாருல்ல, எம்பக்கமும் அடிக்கிறேன்னு. மங்கையும் திருப்பி வைக்கல. ரோஷம்! நாம அடைச்சோம்ல, அவரும் அடைக்கிறாரு."

"மாமா அப்படிப்பட்டவரு இல்லம்மா. ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"மழை விடட்டும்."

டொக். நெடுநேரம் கழித்து இன்னும் ஒன்று. பிறகு மழை மட்டும்தான். அடித்து முடித்துவிட்டார் என்று ஜெனவீவ் நினைத்தாள். அவளுக்குக் கோபம்கூட வந்தது. பெற்ற பிள்ளைக்காகச் செய்ததைப் புரிந்துகொள்ள வேண்டாமா, இதில் என்ன ரோஷம் வேண்டிக்கிடக்கிறது இந்த மனுஷனுக்கு? மழை விட்டது. அவள் போகவில்லை. முதலில் அவர் வந்து மங்கைக் கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பவனேஷ் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான்.

"ஆண்ட்டி, அப்பா நேத்துலருந்து போன் எடுக்க மாட்றாரு. கொஞ்சம் எட்டிப் பாக்கறீங்களா? ஃபீவர்னாரு. ஒங்ககிட்ட சொல்லட்டான்னு கேட்டேன். வேணாம், பேட்ரிசியா பயந்துரும்னாரு."

ஜெனவீவ் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். படியில் அவள் வைத்த மங்கு வைத்தபடியே இருந்தது, எறும்பு மொய்த்துப்போய். சன்னல் வழியாகப் பார்த்த சூசைமுத்து, "நீ வராத, அங்கயே நில்லு" என்று சொன்ன குரலிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை. பவனேஷ் கைப்பேசியிலேயே கத்தி அழுதான். சூசைமுத்து அதை வேனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அது திரும்பி மறைகிறவரை நின்றார். இந்த வீட்டில் எல்லோருக்கும் மூக்கில் குச்சிவிட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

பேட்ரிசியாவுக்குப் பெண்குழந்தை, நல்ல எடை. உத்தரத்தில் மாமன் போட்ட தொட்டில் ஆடியது. வந்தவர்கள், போனில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: நீ அடைச்சதுதான் புள்ளய காப்பாத்துச்சு. உண்மையாகவும் இருக்கலாம். ஜெனவீவ் ஒவ்வொரு முறையும் "ஆமா" என்றாள்.

அப்பாவின் சாமான்களைக் கட்டிவைக்கச் சொல்லிப் பவனேஷ் கேட்டுக்கொண்டான். மருந்தடித்து, ஆறவிட்ட பிறகு அந்த வீட்டுக்குள் போனார்கள். இத்தனை வருடங்களில் அந்த வீட்டை எப்போதும் மேலிருந்தே எட்டிப் பார்த்தவள் ஜெனவீவ். கைப்பேசி அடுப்படி அலமாரியில், மின்னேற்றியில் மாட்டியபடி இருந்தது. கட்டில் உள்ளறையில், தடுப்பை ஒட்டி.

முதலில் அவள் மேலேதான் பார்த்தாள். அவர் பக்கத்தில் பலகை இல்லை. ஒரு ஆணிகூட இல்லை.

கட்டிலுக்கு அடியில் அவளுடைய மங்கு கிடந்தது. அதன் விளிம்பில் நீலம் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. தலையணைக்கு நேரே, படுத்தபடி கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், பலகையில் சின்னச் சின்னப் பள்ளங்கள். பள்ளங்களில் நீலம் ஒட்டியிருந்தது.

ஜெனவீவ் அழவில்லை. அந்தப் பள்ளங்களில் ஒன்றை விரலால் தடவினாள். பிறகு மங்கை எடுத்துச் சூசைமுத்துவின் கையில் கொடுத்தாள்.

"நான் நம்ம அடுப்படிக்குப் போறேன். மொதல்ல மேல தட்டுங்க. அப்புறம் இங்க தட்டுங்க."

"எதுக்கு ஜெனி? விட்ரு. மழை வேற அன்னிக்கு. யாருக்குத்தான் தெரியும்?"

"தட்டுங்க."

அவள் தன் வீட்டு அடுப்படிக்கு வந்து, அன்றைக்குக் கொடி கட்டிய அதே இடத்தில் நின்றாள். கூடத்தில் பேட்ரிசியா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் லேசாகக் கிறீச்சிட்டது. மழை வருவதுபோல இருட்டிக்கொண்டிருந்தது, ஆனால் இன்னும் வரவில்லை.

மேலே தட்டினார். பஞ்சுக்குள்ளிருந்து மங்கலாக, தூரத்தில் யாரோ தட்டுகிற மாதிரி கேட்டது.

பிறகு கீழே தட்டினார். சத்தம் தரையோடு வந்து அவள் காலில் ஏறியது. டொக். டொக். அன்றைக்குக் கேட்டது இதுதான். உயரத்தில் ஆணி அடிக்கிற சத்தம் இப்படித் தரையிலிருந்து வராது. அன்றைக்கும் அது அவள் காதில் விழுந்திருந்தது. காலுக்கும் தெரிந்திருந்தது. அவள்தான் ரோஷம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"கேக்குதா, ஜெனி?" அந்தப் பக்கத்திலிருந்து சூசைமுத்து குரல் கொடுத்தார். பலகையும் பஞ்சும் போக, குரல் துணிக்குள் பேசுகிற மாதிரி வந்தது.

ஜெனவீவ் தடுப்புக்குப் பக்கத்தில் போய், தரையில் உட்கார்ந்து, பலகையில் கன்னத்தை வைத்தாள்.

"கேக்குதுண்ணே" என்றாள். "நல்லாக் கேக்குது."