வெள்ளிக்கிழமை கடிக்கும் கத்தரி

கத்தரி கடித்தது. லீலாவுக்கு அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மீன் தொட்டிக்குள் கத்தரியை இறக்கிப் பாசியை வெட்டப் போனால், வளையத்தில் நுழைத்த விரலில் சுரீரென்று ஒன்று குத்தும். இழுத்துப் பார்த்தால் காயம் இருக்காது. மற்ற நாட்களில் பேசாமல் இருக்கும் கத்தரி, வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் கடித்தது.

தொட்டி அவள் கணவன் பலராமன் செய்தது. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் தகர டப்பா செய்யும் பட்டறையில் அவனுக்கு ஷிஃப்ட் வேலை. இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பட்டி வைத்து ஒட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே கை நுழையும் இடுக்கு விட்டு ஒரு தகர மூடி போட்டு, மூடிக்குள் ஒரு பல்பும் மாட்டியிருந்தான். எழுபத்தெட்டில் அந்தத் தெருவில் மீன் தொட்டி வைத்திருந்த வீடு அது ஒன்றுதான்.

பாசி பிள்ளைப்பாக்கம் ஏரியிலிருந்து வந்த வேலம்பாசி. வெளிச்சம் படப்பட அது மளமளவென்று வளர்ந்து மேலே பாய் விரித்துவிடும். அடியில் இருட்டாகி, இலை அழுகி, தண்ணீர் நாறும். விடிந்து பார்த்தால் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதனால் வாராவாரம் வெட்டியாக வேண்டும்.

எதைக் கொண்டு வெட்டுவது என்பதில்தான் சங்கடம். மூங்கில் குச்சியில் பிளேடைக் கட்டிப் பார்த்தாள். கடிக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் உள்ள கூர், தண்ணீரில் வளையும் தண்டை அறுக்காது, இழுக்கும். பாசி வேரோடு வந்தது. பாக்குவெட்டி தண்டை நசுக்கியது. நசுங்கிய இடம் இரண்டு நாளில் பழுத்து அழுகும். இரண்டு பக்கமும் கூர் சேர்ந்து தண்டைப் பிடித்து நறுக்குவது கத்தரி ஒன்றுதான். நீளமான தையல் கத்தரியாக இருந்தால் முழங்கை நனையாமல் அடிவரை எட்டும். ஆகவே மறுபடி கத்தரி. மறுபடி கடி.

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெயமையில நகம் வெட்டமாட்ட, முடி வெட்டமாட்ட. உசுரோட கீற செடிய மட்டும் இரும்பால வெட்டுவியா? கடிக்காம கொஞ்சுமா?"

"அப்ப சனிக்கெயம வெட்டட்டா அக்கா?"

"வெட்டு. சனீஸ்வரனுக்கும் இரும்புன்னா உசுரு. கூட ரெண்டு கடி வெப்பாரு."

சனிக்கிழமை வெட்டினாள். கடிக்கவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பாப்பம்மாள் சொன்னது சரிதான் என்று லீலா நம்பிவிட்டாள்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. சிமெண்டுத் தரை நாள் முழுக்கக் கசிந்தது. இப்போது கத்தரி எல்லா நாளும் கடித்தது. விரலில் இருந்தது மணிக்கட்டுக்கு வந்தது, பிறகு முழங்கைக்கு. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நீந்தின.

அந்த வெள்ளிக்கிழமை காலை, கழுவிய தரை காய்வதற்குள், தொட்டியடியில் பாப்பம்மாளின் பூனை செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஒரு முன்னங்காலில் மட்டும் பாசியின் ஈரம்.

பலராமன் பூனையைச் சாக்கில் சுற்றி வெளியே வைத்துவிட்டு வந்தான். முகம் இறுகியிருந்தது. "போதும்டி. தொட்டியே வோணாம். இன்னிக்கே பாசிய புடுங்கிட்டு மீன ஏரியில உட்டுர்றேன்."

"கத்தரி கடிக்குமே."

"கத்தரி எதுக்கு? கையாலயே புடுங்குறேன்." ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினான்.

லீலா வாசலில் இருந்த சாக்கைப் பார்த்தாள். பூனை என்ன செய்திருக்கும்? பின்னங்கால்களை ஈரத்தரையில் ஊன்றி எழுந்து, மூடியின் இடுக்கு வழியாக மீனுக்குக் கையை விட்டிருக்கும்.

"இந்தாங்க, கைய வெக்காதீங்க."

"இன்னா?"

"பூன கையில கத்தரி இல்லியே."

மூடியின் இடுக்குக்கு ஒரு சாண் மேலே அவன் கை நின்றது.

"கரண்டுன்னு சொல்றியா? லைட்டு ஆஃப்லதானே கீது. சுச்சு மாட்டுனதே நானு."

"உங்க டெஸ்டர எடுத்து வெச்சுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

அவன் டெஸ்டரின் முனையைத் தண்ணீரில் வைத்தான். அணைந்த பல்புக்குக் கீழே, டெஸ்டருக்குள் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. அவன் கையை மெல்லப் பின்னுக்கு எடுத்தான். சுருட்டிய சட்டைக் கையை இறக்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.

நடந்தது இதுதான். பல்புக்குப் போகும் ஒயர்கள் இரண்டு. ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவரும், மற்றது திரும்பக் கொண்டுபோகும். எதை அறுத்தாலும் பல்பு அணையும். அதனால் எந்த ஒயரில் சுவிட்ச் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வயலுக்குப் போகும் குழாயை மோட்டார் பக்கம் மூடினால் குழாய் காலி. கடைசி முனையில் மூடினால் தண்ணீர் நின்றுவிடும், ஆனால் குழாய் முழுக்க நிறைந்து விம்மிக்கொண்டிருக்கும். பலராமன் செருகியிருந்தது இரண்டு கால் பிளக். அதை எப்படித் திருப்பியும் செருகலாம். அது தலைகீழாக இருந்ததால் சுவிட்ச் திரும்பிப் போகும் ஒயரை மட்டுமே துண்டித்தது. பல்பின் சூட்டில், மின்சாரத்தைக் கொண்டுவரும் ஒயரின் ரப்பர் வெடித்து, செம்பு ஈரத் தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. மேலே எழும்பிய பாசி அந்தத் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்கம்பியில் உட்காரும் காக்கை மாதிரி, அவற்றின் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. தரை காய்ந்திருந்த நாட்களில் லீலாவுக்கும் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவளே தரையைக் கழுவி அதைத் திறந்துவிட்டாள். மழை எல்லா நாளையும் வெள்ளிக்கிழமை ஆக்கியது. மின்சாரத்தைக் கடத்தாத மூங்கில் குச்சியோ, அவளுக்கு எதையும் சொல்லாமல் மறைத்தது.

அவர்கள் தொட்டியைக் கலைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரைப் புதிதாக மாற்றி, தகர மூடியை எடுத்துவிட்டு மரத்தில் ஒன்று செய்து, பல்பைத் தண்ணீருக்கு எட்டாமல் உயரத்தில் மாட்டினார்கள். தண்ணீரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார்கள். எரியவில்லை. வெட்டுவதற்கு அதே நீளத் தையல் கத்தரி. சுவிட்சை நம்புவதில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே ஜன்னலில் வைப்பது, அதன் பிறகே கத்தரியைத் தண்ணீரில் இறக்குவது.