விரித்த கை, மூடிய கை

அமெரிக்காவின் ஹட்டெராஸ் துறைமுகத்தில் ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் படகுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புருஷன் மேலே, பெண்டாட்டி கீழே என்று ஓடியது பர்கெஸின் படகு ஒன்றுதான். மீன் மாட்டியதும் பர்கெஸ், கூரைமேல் இருந்த திறந்த தட்டில், சுக்கான் சக்கரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் விட்டு ஓட்டுவான். கண் முழுக்கப் பின்தளத்தில் நிற்கும் வெல்மாவின் கைமேல். விரித்த கை என்றால் படகைப் பின்னால் விடு. மூடிய கை என்றால் நிறுத்து. எஞ்சின் இரைச்சலில் வேறு பேச்சு எடுபடாது. இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூடத் தப்பியதில்லை.

அன்று தப்பியது. மார்லின் மீன் கிட்டே வந்ததும் வெல்மா கையை மூடித் தூக்கினாள். படகோ பின்னாலேயே வந்தது. அலை படகின் பின்சுவர் தாண்டி விழுந்து, தூண்டில் பிடித்திருந்த வாடிக்கையாளரை உருட்டிவிட்டது. நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. மீன் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

வெல்மா விறுவிறுவென்று ஏணியேறினாள்.

"தூங்குறியா? கையை மூடினது தெரியல?"

"வெயில் கண்ணுல அடிச்சிருச்சு. ஊரைக் கூட்டாதே."

வெயிலாவது மண்ணாவது! காலையிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. வெல்மா இரண்டடி தள்ளி நின்று கையைத் தூக்கினாள்.

"இது என்ன, சொல்லு."

"அறையப் போறியாக்கும்" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் அடங்கியது. "ஓரம் தெரியுது வெல்மா. நடுவுலதான் புகை. இனிமே சரியாகாதுன்னுட்டார் டாக்டர்."

"எப்போ?"

"பனிக்காலத்துல."

"பாவி! இத்தனை மாசம் உன்னை நம்பித்தானே சுவரோரம் நின்னேன்!"

"சொன்னா இறக்கிவிட்ருவே."

கோடை முழுக்க, எல்லோரும் போனபிறகே அவன் ஏணியில் இறங்கிவந்தது ஏனென்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்னால் இறங்கி, அவன் காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்துவிட்டாள். பிறகு அவளே மேலேறிச் சக்கரத்தைப் பிடித்தாள்.

கரை திரும்பும்போது ரேடியோ அலறியது. பக்கத்துப் படகின் கேப்டன், ஓடம் என்று பெயர்.

"என்ன பர்கெஸ், இன்னைக்கும் வெறுங்கையா?"

"நான் வெல்மா. பர்கெஸ் கீழே இருக்கான்."

"கீழேயா? கடல்ல இருக்கும்போதா? மேல அனுப்பு அந்தச் சோம்பேறியை!"

கீழே பர்கெஸ் முகத்தை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கால்வலி என்று வெல்மா ஒரு பொய் சொன்னால் போதும், நாளைக்கும் ஏறிவிடுவான்.

"இனிமே அவன் மேல வரமாட்டான், ஓடம். கண்ணு போயிருச்சு."