காற்றுக் குழாயருகே வாசித்த பன்னிரண்டு தொடக்கங்கள்

1

இந்தக் கதை என் மூச்சிலிருந்து பிறந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அளந்து வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாட்கள், ஒரு சதுப்பு நிலத்தின் நடுவில் நின்று நான் விட்ட மூச்சு எண்களாக மாறி, ஓர் ஆய்வுக்கூடக் கணினியில் தேதிவாரியாக இருக்கிறது. வேறு எந்த எழுத்தாளருக்காவது இப்படியோர் ஆதாரம் உண்டா என்று கேட்டுவிட்டு மேலே போகிறேன்.

பெருமையடிப்பதுபோல் தெரிந்தால், ஆமாம், பெருமைதான். ஆனால் என்னைப் பற்றியது அல்ல. என் அக்காவைப் பற்றியது. (கொஞ்சம் என்னைப் பற்றியும்.)

2

அக்காவுக்குச் சேற்றில் நிற்பது வேலை. எங்கள் கல்லூரியின் பின்மதிலைத் தாண்டினால் சதுப்பு. அதன் நடுவே பலகைப் பாதை, பாதை முடிகிற இடத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் நெஞ்சுயரத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய். அது நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி, அதில் கரியமில வாயு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதையும் கம்பத்தில் தொங்கும் மற்ற கருவிகளையும் வைத்து, சதுப்பு இன்றைக்கு மூச்சை இழுத்ததா விட்டதா என்று அக்கா கணக்குப் போடுவாள். செடிகள் நன்றாக இருந்தால் சதுப்பு அந்த வாயுவை இழுத்துச் சேற்றில் புதைத்துக்கொள்ளும். சூடேறிக் காய்ந்தால், புதைத்ததையெல்லாம் திருப்பி விட ஆரம்பித்துவிடும். பூமி போகிற போக்கில் இது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதே கேள்விக்கு எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னொருவர் பதில் வைத்திருக்கிறார். தினமும் மதியம் ஒன்றரை மணிக்குக் கடந்துபோகும் செயற்கைக்கோள். நிலத்தின் பச்சையையும் சூட்டையும் பார்த்து, ஒரு சூத்திரத்தில் போட்டு, பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். பதில் சரியா என்று பார்க்க யாராவது கீழே இருக்க வேண்டும். அதற்காகத்தான் உலகம் முழுக்க அக்காக்கள் சேற்றில் நிற்கிறார்கள்.

இந்த மாதிரிப் பதினொரு இடங்களில் ஒன்றை மட்டும் நிரந்தரச் சரிபார்ப்பு நிலையமாகத் தேர்ந்தெடுக்கப் போவதாகச் செயற்கைக்கோள் குழுவிலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு மாதத்தின் ஒன்றரை மணி அளவுகளை அனுப்பச் சொன்னார்கள். தேர்வாகாத இடங்களில் கருவிகளைக் கழற்றிவிடுவார்கள். அக்காவுக்கு அது மூன்று வருடச் சேறு.

3

அந்த மாதத்தில்தான் கல்லூரி இதழுக்கு அவளைப் பற்றிக் கதை எழுத முடிவு செய்தேன். நாடகமாக இருக்கட்டுமென்று இதைச் சொல்லவில்லை. நோட்டில் தேதி இருக்கிறது.

ஒன்றிலிருந்து இரண்டு மணிவரையான மதிய இடைவேளையில் சத்தமில்லாத இடம், நிழலும் இருக்கிற இடம், அந்தக் கம்பத்துக்கு மேல் கட்டியிருந்த குடை ஒன்றுதான். மதிலில் ஓர் ஓட்டை உண்டு. எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பார்த்தால்தான் வாக்கியம் நொண்டுகிறதா என்று எனக்குத் தெரியும். ஆகவே போனேன், நின்றேன், வாசித்தேன்.

தொடக்கம் ஒன்று: “விண்ணிலே ஒரு கண், மண்ணிலே ஒரு பெண்—” (பேருந்தின் பின்னால் எழுதுகிற வாசகம்போல் இருந்தது. விட்டுவிட்டேன்.)

தொடக்கம் நான்கு: “பூமிக்குக் காய்ச்சல். என் அக்காதான் வெப்பமானி.” (பிற்பாடு அக்கா இதைப் பார்த்து, “என்னைய எங்கடா வைப்பாங்க?” என்று கேட்டாள். வரியை அடித்துவிட்டேன்.)

தொடக்கம் ஒன்பது: சதுப்பே பேசுவதாக எழுதியது. நாணல், தவளை, ஆமை ஒவ்வொன்றும் தன் வரலாற்றைச் சொல்லும். வாசிக்க நாற்பது நிமிடம் ஆனது. ஆமை கடைசிவரை முடிக்கவில்லை.

மற்ற ஒன்பதையும் உங்கள் நலன் கருதி—

4

ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அக்கா கூப்பிட்டாள்.

“டேய், உன் கதை நோட்ட எடுத்துட்டு வா.”

எனக்கு முதல் வாசகி கிடைத்துவிட்டாள் என்று ஓடினேன். அவள் பக்கங்களைப் புரட்டினாள்.

“ஒவ்வொண்ணுக்கும் மேல தேதி போட்டிருக்கியே?”

“எழுத்தாளர்னா போடணும்க்கா. பின்னால ஆராய்ச்சி பண்றவங்களுக்கு உதவும்.”

“உதவுது. எங்க நின்னு வாசிச்ச?”

“உன் குடைக்குக் கீழதான். உனக்கு மரியாதை செஞ்ச மாதிரி.”

“எவ்வளவு நேரம்?”

“உணர்ச்சியோடயா, சும்மாவா?”

“உணர்ச்சியோட.”

சொன்னேன். ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். இலக்கியத்தில் இவ்வளவு அக்கறை அவளிடம் நான் பார்த்ததில்லை. பிறகு கணினியை என் பக்கம் திருப்பினாள். தட்டையாக ஓடிய கோட்டில் பன்னிரண்டு இடத்தில் புடைப்பு. ஒன்பதாவது மலைபோல் எழுந்து நின்றது.

“ஆமை,” என்றேன்.

“என்ன ஆமை?”

“ஒண்ணுமில்லக்கா.”

“அங்க போர்டு வச்சிருக்கே, பாக்கல?”

“பாத்தேன். ‘தயவுசெய்து உள்ளே வராதீர்கள்’னு ரொம்ப மரியாதையா இருந்துது. எனக்கா இருக்காதுன்னு நெனச்சுட்டேன்.”

(அடிக்குறிப்பு வைக்க வேண்டிய இடம், இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நாம் விடும் மூச்சில் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட நூறு மடங்கு அதிகம். ஒரு தும்மல், ஓர் இருமல் என்றால் பிழையென்று மென்பொருளே தூக்கிப் போட்டிருக்கும். நான் நிறுத்தி நிதானமாக வாசிப்பவன். பள்ளியில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன்.)

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“திட்டிடுக்கா.”

“உன் மூச்சு இதுல இருக்கறது பிரச்சன இல்லடா. அது இருந்தாத்தான் பொருந்துது.”

செயற்கைக்கோள், அந்த மாதம் சதுப்பு மூச்சை விட்டது என்கிறது. என் பன்னிரண்டு நாட்களோடு பார்த்தால் அக்காவின் கணக்கும் அதையே சொல்கிறது, அச்சு எடுத்ததுபோல. என்னை நீக்கிவிட்டால் சதுப்பு இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மேலே ஒரு பதில், கீழே நேர் எதிர்ப்பதில்.

“பதினோரு எடத்துல எது நல்லா பொருந்துதுன்னுதான் மொதல்ல பாப்பாங்க. திங்கக்கெழமைக்குள்ள அனுப்பணும்.”

5

இந்த இடத்தில் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

“அக்கா ஒரு கணமும் தயங்கவில்லை. பன்னிரண்டு நாட்களையும் அந்த நொடியே நீக்கினாள். அவள் கண்களில்—”

இதே நோட்டில் அவள் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்தாள்.

“பொய்.”

“எங்க?”

“தயங்கினேன்ல. ரெண்டு நாள்.”

“அது வேணாம்க்கா. உன்ன எவ்வளவு ஒசத்தி எழுதிட்டு வரேன், நடுவுல போய்…”

“அந்த ரெண்டு நாளையும் எழுது. கதைக்குப் பொருந்தலன்னு எடுத்துட்டேன்னு வையி, நான் பண்ணப் பாத்த வேலையத்தான் நீ பண்ற.”

ஆகவே எழுதுகிறேன். சனி மதியத்திலிருந்து திங்கள் காலைவரை கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘மூச்சோடு’, மற்றது ‘மூச்சில்லாமல்’. முதலாவதை அவள் நான்கு தடவை திறந்து பார்த்தாள். அனுப்பும் பொத்தான்மேல் ஒருமுறை விரலே வைத்துவிட்டாள். அம்மா, “தட்டப் பாத்துகிட்டே உக்காந்திருக்க, சாப்பாடு தானா உள்ள போவுமா?” என்றாள். இத்தனை நாள் என் அக்காவைக் கதாபாத்திரமாக நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆள் ரொம்ப நேராக இருந்தாள். அந்த நான்கு தடவைக்குப் பிறகு நம்ப முடிகிறது.

6

திங்கட்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத் தலைவரிடம் போனாள். எதை வாசித்தாலும் பேனாவால் கோடு போட்டுத்தான் வாசிப்பார் என்பதால் அவருக்கு அடிக்கோடு சார் என்று பெயர். மூன்று வருடம் முன்னால் அந்தக் கம்பத்தை நட்டபோது ஒரு முனையைத் தூக்கியவர் அவர். கெட்டவராக எழுதலாமா என்று யோசித்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். “இவர்தானா அந்த வாயு?”

“ஆமா சார்,” என்றேன்.

இரண்டு வரைபடங்களையும் வெகுநேரம் பார்த்தார். “பன்னெண்டு நாள்தானேம்மா. மத்த பத்து எடத்துலயும் எவனும் மூச்சு விடலன்னு என்ன நிச்சயம்? பொருந்துதே, விட்டுடலாமே.”

“சார், மேலேருந்து அது சொல்றதுக்கு ஆமா போடவா நான் மூணு வருஷமா சேத்துல நிக்கிறேன்? அது தப்புன்னா தப்புன்னு சொல்லத்தானே கம்பம். இப்ப அது தப்பா, நாம தப்பான்னு தெரியல. தெரியலங்கறது அவங்களுக்குத் தெரியணும்.”

குரல் நடுங்கித்தான் இருந்தது. (இதையும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு.)

அனுப்பும் அட்டவணையில் அளவு இல்லாத கட்டத்தில் அக்காவின் துறையில் சுழியம் போடமாட்டார்கள். சுழியமும் ஓர் அளவு. அதற்குப் பதில் −9999 என்று போடுவார்கள். எந்தக் காற்றிலும் எந்தச் சேற்றிலும் வரவே முடியாத எண்; ‘இங்கே எங்களுக்குத் தெரியாது’ என்று அர்த்தம். பன்னிரண்டு கட்டங்களிலும் அக்கா அதைப் போட்டிருந்தாள். பக்கத்தில் குறிப்பு:

“காரணம்: மனித மூச்சு. கருவியருகே ஆய்வாளரின் தம்பி கதை வாசித்தார். தேதிகள் அவருடைய நோட்டுப் புத்தகத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன.”

என் எழுத்தைப் பற்றி வந்த முதல் விமர்சனம் இதுதான். இதைவிட நேர்மையான ஒன்று இனி வருமா என்பது சந்தேகம்.

அடிக்கோடு சார் பேனாவைத் திறந்தார். அந்தக் குறிப்பின் கீழ் ஒன்றல்ல, மூன்று கோடுகள் போட்டார். கையெழுத்திட்டார்.

“படிக்காம தாண்டிடப் போறாங்க,” என்றார்.

வெளியே வந்ததும் அவள் முன்னால் நடந்தாள். பூட்ஸில் காய்ந்த சேறு படிக்குப் படி உதிர்ந்தது. உலகத்தில் நான் அறிந்த ஒரே விஞ்ஞானி எனக்கு முன்னால் போகிறாள், எனக்கு வழிவிடாமல். அந்த மாடிப்படி முழுக்க எனக்கு நெஞ்சு அடைத்திருந்தது. அதைப் பற்றி அளவு எதுவும் எடுக்கப்படவில்லை.

7

அனுப்பிப் பத்தொன்பது நாள் ஆகிறது. பதில் வரவில்லை. ஆனால் கதைக்கு முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) தன் குறையைத் தானே சொன்ன ஒரே நிலையம் என்று சதுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

(ஆ) இரண்டு பேர் வந்து கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். குடையை மட்டும் விட்டுவிட்டு—

(இ) சதுப்பு நிலங்களுக்கு அந்தச் சூத்திரமே தப்பு என்று மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்து, அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வாசித்துக் காட்டினேன்.

“பதில் வந்துடுச்சா?”

“இல்லக்கா.”

“அப்புறம்?”

“சும்மா, காலியா இருக்கேன்னு…”

“காலி எடத்த நெரப்பறது தப்பில்லடா. நாங்களும் நெரப்புவோம். பக்கத்துல ஒரு குறி போட்டுடுவோம், இது அளந்ததில்ல, ஊகம்னு. அதப் போடாம விட்டாத்தான் தப்பு.”

ஆகவே,

முடிவு: −9999

மேலே உள்ள மூன்றில் ஒன்றையோ உங்களுடைய நான்காவதையோ அந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம். பென்சிலால் எழுதுங்கள். பக்கத்தில் குறி போடுங்கள்.

நான் இந்தக் கடைசிப் பத்தியை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று வாசித்துப் பார்க்கிறேன். காற்று அந்தப் பக்கமாக வீசவில்லை என்று முதலிலேயே பார்த்துக்கொண்டேன். மணி ஒன்றரை. மேலே அது இப்போது கடந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் கம்பம் இன்னும் நிற்கிறது, குழாய் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அக்காவின் கோட்டில் இன்று புடைப்பு எதுவும் இருக்காது. நான் எழுதியதில் ஒரு வரிகூட அதற்குள் இல்லை என்பதில் எனக்கு இவ்வளவு பெருமை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.