எட்டுச் சிவப்பு, ஒரு பச்சை

எல்லாம் பச்சை. பிறகு ஏன் நம்ப முடியவில்லை? நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் பச்சை. ஒன்றாவது சிவந்திருக்கக் கூடாதா? ஒன்றே ஒன்று சிவந்திருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காதே.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதிய சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன என்று திரை சொல்கிறது. இவள் என்னவோ வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நின்று யோசிப்பவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

நெடுந்தூரப் பேருந்துகளுக்கு இருக்கை பதிவு செய்யும் இணையதளம் அது. அதைச் சோதிப்பதுதான் ஒன்பது வருடமாக அவள் வேலை. புதிய பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு முறையும் முகப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்ப்பாள். தேதி, ஊர், இருக்கை, பெயர், ரத்து, மறுபடியும் தேதி. முழுதாக ஒரு சுற்று வர நாலரை மணி நேரம். அவளுடைய மவுஸின் இடதுபக்கம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அவள் கை படாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. "கைராசி பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலாளர் வெளியிடச் சொல்வார். கைராசி என்பது அவளுக்கு வைத்த பெயர்.

அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் உள்ளே எங்கோ ஒரு சின்னப் பெருமை தலை நீட்டும். அதை ஒத்துக்கொள்ளத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால், ஐந்து மாதத்துக்கு முன் அம்மாவுக்கு முதல் கண்ணில் அறுவை நடந்து கட்டு அவிழ்த்த அன்றும் அவள் இங்கே உட்கார்ந்து அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். "வர முடியலம்மா" என்று போனில் சொன்னாள். முடியாமல் இல்லை. எழுந்து போயிருக்கலாம். யாரும் அவளைக் கயிறு போட்டுக் கட்டவில்லை. தான் இல்லாமல் ஆகாது என்பது அன்று அவளுக்கு இனித்தது, அவ்வளவுதான்.

இன்று இரண்டாவது கண்ணுக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள். ஐந்து மணிக்கு. புதிய பதிப்பு வெளியாவது ஆறு மணிக்கு.

அதற்காகத்தான் இந்தச் சோதனைகளை எழுத ஆரம்பித்தாள் என்றுகூடச் சொல்லலாம். இவை சாதாரண வாக்கியங்கள். இப்படி இருக்கும்போது, இப்படிச் செய்தால், இப்படி ஆக வேண்டும் என்று மூன்று மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு சிறு கணினி நிரல். ஓடவிட்டால் பிரவுசர் தானாகத் திறந்து, யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் உட்கார்ந்து அழுத்துவதுபோல் எல்லாவற்றையும் அழுத்தி, பதினோரு நிமிடத்தில் தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு என்று சொல்லிவிடும். நிரல் தெரியாதவர்களும் வாக்கியங்களைப் படித்துத் திருத்தலாம். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கவுண்ட்டர் அக்காதான் பாதி வாக்கியங்களைத் திருத்திக் கொடுத்தவள்.

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பச்சை, சரியாக இருப்பதால் வந்த பச்சையா? பார்க்காமலே தலையாட்டுகிற பச்சையா?

அவள் எழுந்து நிரலாளரின் மேசைக்குப் போனாள். எதைக் கேட்டாலும் "ரெண்டே நிமிஷம்" என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"அண்ணா, ஒரு உதவி. உங்க நிரல கொஞ்சம் கெடுத்துத் தரணும்."

"அதத்தான் தினம் தினம் இலவசமா பண்றேனே தாயே."

"வெளையாடாதீங்க. நகல்லதான். ஒருத்தர் ரத்து பண்ண சீட்ட காத்திருக்கறவங்களுக்குக் குடுக்குற வரி இருக்குல்ல, அத எடுத்துடுங்க."

"எதுக்கு? பச்சையா இருக்கறது கண்ண உறுத்துதா?"

"ஆமா."

அவர் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார். "ரெண்டே நிமிஷம்" என்றார்.

இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அஞ்சு மணிக்கு அவுப்பாங்களாம். நீ வருவியா, இல்ல இந்தத் தடவையும் நர்ஸ் மூஞ்சிதானா?"

"வர்றேம்மா."

"நர்ஸ் நல்லாத்தான் இருந்தா. நான் கொறை சொல்லல. மூக்கும் முழியுமா இருந்தா."

"அம்மா."

"சரி சரி, வேலையப் பாரு. உன் தம்பி பக்கத்துலதான் இருக்கான். அவன் மூஞ்சிய நாப்பது வருசமா பாத்தாச்சு."

போனை வைத்ததும் கெடுத்த நகலில் சோதனைகளை ஓடவிட்டாள். காத்திருப்போர் பட்டியல் பற்றி ஒன்பது சோதனைகள் இருந்தன. அந்த வரி இல்லாததால் ஒன்பதும் சிவக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சிவந்தன. எட்டோடு நின்றது. ஒன்பதாவது ஒன்றுமே நடக்காததுபோல் பச்சையாக நின்றது.

அவள் அந்த வாக்கியத்தைத் திறந்தாள்.

'பேருந்து நிரம்பியிருக்கிறது, காத்திருப்போர் பட்டியலில் ஒரு தாயும் குழந்தையும் முதலில் இருக்கிறார்கள். வேறொரு பயணி தன் ஒற்றை இருக்கையை ரத்து செய்தால், அந்த இருக்கை சரியானவருக்குப் போக வேண்டும்.'

சரியானவர் என்றால் யார்? எழுதிய நாளில் அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் அப்படி வழவழா கொழகொழா என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தாள். கடைசி வரிக்குப் பின்னால் நிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: அக்காவைக் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை. மறந்தே போயிருந்தாள். காலியான வரி எதையும் செய்யாது. எதையும் செய்யாதது தவறவும் தவறாது. எந்திரம் அதற்கும் பச்சைதான் போடும்.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. மூன்று வாரமாக இது தன்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உடனே கவுண்ட்டர் அக்காவை அழைத்துக் கேட்டாள்.

"இதுல என்ன சந்தேகம்?" என்றாள் அக்கா. பின்னணியில் யாரோ சில்லறை கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேருக்கும் சேத்து எடம் வர்ற வரைக்கும் அவங்களத் தொடவே கூடாது. அடுத்து யார் தனியா இருக்காங்களோ அவங்களுக்குக் குடுக்கணும். புள்ளைய கவுண்ட்டர்ல விட்டுட்டு அம்மா மட்டும் பஸ் ஏறுவாளா?"

"அவங்க முன்னுரிமை போயிடாதா அக்கா?"

"எப்படிப் போகும்? மொதல் எடம் அவங்களுக்குத்தான். காத்திருப்பாங்க. சேந்து போறவங்க சேந்துதான் போவாங்க." பிறகு குரல் தாழ்ந்தது. "இரு இரு. போன மாசம் ஒரு பொண்ணு என்னக் கிழிகிழின்னு கிழிச்சுட்டுப் போனா. தனக்குச் சீட்டு வந்துடுச்சு, கொழந்தைக்கு வரலன்னு. அவதான் தப்பா பதிவு பண்ணிட்டான்னு நான் நெனச்சேன். உங்க சைட்டோட வேலையா அது?"

"தெரியல அக்கா. இனிமேதான் பாக்கணும்."

ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடம், எத்தனை சுற்று, எத்தனை ஆயிரம் அழுத்தல். கையால் சோதிக்கும்போது எப்போதும் ஒற்றை ஆளாகவே பட்டியலில் சேர்ந்திருக்கிறாள். ஒரு தாயாக, ஒரு குழந்தையோடு, ஒரு முறைகூடச் சேர்ந்ததில்லை. போன மாதம் அந்தப் பெண் கவுண்ட்டரில் நின்று கத்தியது கைராசியின் கை பட்டு வெளியே போன பதிப்பால்தான்.

'சரியானவர்' என்பதை அடித்துவிட்டு அக்கா சொன்னதை அப்படியே எழுதினாள். காலியான வரிக்குப் பின்னால் நிரலைப் போட்டாள். கெடுக்காத நிரலில் ஓடவிட்டாள். பிரவுசர் திறந்தது. இருக்கைகளின் படம் வந்தது. பதினேழாம் எண் காலியானது. உடனே தாயின் பெயர் அதில் ஏறியது. குழந்தையின் பெயர் பட்டியலில் தனியாக நின்றது.

சிவப்பு.

அவள் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ இறங்கிப் போனது. தப்பு கண்டுபிடித்துவிட்டு இப்படி நிம்மதிப்படுகிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. காலையிலிருந்து, இல்லை, ஒன்பது வருடமாக, உருவம் இல்லாத ஒன்றுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். இப்போது அதற்கு உருவம் கிடைத்துவிட்டது. பதினேழாம் எண் இருக்கை. சரிசெய்யக்கூடிய ஒன்று.

"அண்ணா, இங்க வாங்க."

அவர் வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "கெடுக்காமலே கெட்டிருக்கே" என்றார். "ரெண்டே நிமிஷம்."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருவரும் மதியச் சாப்பாட்டை விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு மேல் எல்லாவற்றையும் ஓடவிட்டாள்: நூற்றுப் பன்னிரண்டு பச்சை. திருத்திய நிரலை மறுபடி நகலில் கெடுக்கச் சொல்லி ஓடவிட்டாள்: இந்த முறை ஒன்பதும் சிவந்தன. திருத்திய நிரலின் பச்சையைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். காலையில் இருந்த அதே பச்சைதான்; ஆனால் இப்போது அதை நம்ப முடிந்தது.

மூன்றே முக்காலுக்கு மேலாளர் வந்தார். நடந்ததைச் சொன்னாள். பதினேழாம் எண் இருக்கையைக் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டார், நல்ல மனிதர்.

"பிரமாதம். நல்லவேளை பிடிச்சீங்க" என்றார். "இருந்தாலும், ஒரே ஒரு தடவை நீங்க கையால ஒரு சுத்து பாத்துடுங்களேன். என் திருப்திக்கு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அரை மணி நேர வேலைதான?"

"நாலரை மணி நேரம் சார்."

"ரிலீஸ வேணா எட்டரைக்குத் தள்ளிக்கலாம். நமக்கு என்ன அவசரம்? மெஷின் ஆயிரம் சொல்லட்டும், உங்க கை பட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பின்னால் ரெண்டே நிமிஷம் அண்ணா தொண்டையைச் செருமினார். அந்தப் பழைய பெருமை அவளுக்குள் மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தது. வா, உட்கார், நீ இல்லாமல் ஆகாது என்றது. அவள் அதற்குக் கோபப்படவில்லை. பாவம், இத்தனை நாள் கூடவே இருந்தது.

தேய்ந்துபோன மவுஸை ஒரு ஓரமாக நகர்த்தினாள். இழுப்பறையிலிருந்து பையை எடுத்தாள்.

"என் கை பட்டும்தான் சார் அந்தக் கொழந்தை கவுண்ட்டர்ல நின்னுச்சு" என்றாள். "இந்தப் பொத்தான அழுத்துங்க, பதினோரு நிமிஷம் ஓடும். உக்காந்து பாருங்க. எது செவந்தாலும் அண்ணா இருக்காரு."

"அப்போ நீங்க?"

"எங்கம்மாவுக்கு அஞ்சு மணிக்குக் கட்டு அவுக்கறாங்க."

"ஓ." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "போயிட்டு வந்து பாக்கறீங்களா? ராத்திரி ஆனாலும் பரவால்ல."

பையின் வாரைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"இல்ல சார்" என்றாள், மெதுவாக. "கையால பாக்கப் போறதில்ல."