இடலினா வீட்டுக் கொடியில் துணி

லிஸ்பன் நகரத்தின் பழைய பேட்டையான எங்கள் அல்பாமாவில் ஒரு தூறல் விழுந்தால் போதும், சந்து முழுக்க "துணீ... துணீ!" என்று ஒரே கூச்சல்தான். எல்லா ஜன்னல்களிலும் கைகள் நீண்டு கொடியில் கிடப்பதை வாரி உள்ளே இழுக்கும். அன்று எதிர்க்கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மட்டும் துணி கேட்பாரற்று நனைந்துகொண்டிருந்தது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்க வேண்டிய வீட்டில் ஏது துணி?

அது இடலினாவின் வீடு. அந்தக் காலத்தில் லிஸ்பனையே புரட்டிப்போட்ட பூகம்பத்துக்கு அசராத கட்டடம், முகப்பெல்லாம் நீலப் பீங்கான் ஓடு. வழிகாட்டிகள் தினமும் கூட்டத்தைக் கூட்டிவந்து கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைப்பார்கள். "பழைய கட்டடம், பழுது பார்க்கணும், முடிஞ்சதும் திரும்பி வந்துடுங்க" என்று சொல்லித்தான், கட்டடத்தைப் புதிதாக வாங்கிய வீட்டுக்காரன் வாடகைக்கு இருந்த அவளைக் கிளப்பினான். இப்போது ஆற்றுக்கு அக்கரையில் மகன் வீட்டு சோபாவில் படுத்துக் கிடக்கிறாள். போன் செய்தால் ஒரே கேள்வி: "வேல முடிஞ்சுதாடி கிரசிண்டா? நான் எப்ப வரட்டும்?"

அவளுக்குச் சொல்லாமலே வேறு யாரையோ குடிவைத்துவிட்டானா? விடுவிடுவென்று படியேறிப்போய்க் கதவை இடித்தேன். திறந்தவன் டுவார்ட்டே, வீட்டுக்காரனின் மேனேஜர்.

"யாருய்யா குடிவந்திருக்கறது? மழை கொட்டுது, துணிய எடுக்கத் துப்பில்லையா?"

"யாரும் குடியில்லம்மா. டூரிஸ்டுங்களுக்கு நாள் வாடகைக்கு விடறோம். துணி சும்மா அழகுக்கு. போட்டோவுல பழைய லிஸ்பன் மாதிரி தெரியணும்ல? நனைஞ்சா என்ன, யாரு போட்டுக்கப் போறா?"

எட்டிப் பார்த்தேன். ஆம்பளைச் சட்டை, சமையல் ஏப்ரன், கைக்குழந்தையின் சட்டைகூட வாங்கி மாட்டியிருக்கிறான் பாவி! பிள்ளைகுட்டிக்காரர்களை ஒருவர் விடாமல் தெருவைவிட்டுத் துரத்திய கூட்டம் இது.

"அப்போ இடலினா?"

"அவங்க வாடகை ஒப்பந்தம் முடிஞ்சு போச்சேம்மா."

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. போனில் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை முதல் வேலையாகப் படகேறி வந்துவிட்டாள், புருஷன் செத்ததிலிருந்து கழற்றாத அந்தக் கறுப்பு உடையில். சந்தில் வழக்கம்போல் ஒரு கூட்டம் அண்ணாந்து நின்றது. அதன் நடுவில் என்னோடு நின்று அவளும் தன் வீட்டை அண்ணாந்து பார்த்தாள். வாசலில் நின்ற டுவார்ட்டே அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஓடிவந்தான்.

"அம்மா, நீங்க மேல வாங்க! இதே கறுப்பு உடுப்போட தினம் காலையில கொஞ்ச நேரம் அந்த ஜன்னல்ல சாஞ்சு நின்னா போதும். சம்பளமே குடுக்கறோம்."

"அவ வீட்டு ஜன்னல்ல நிக்க அவளுக்கே சம்பளமா? நீயெல்லாம் சோறுதான் திங்கறியா?" என்று பாய்ந்தேன்.

இடலினா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "சும்மா இருடி." அவன் பின்னாலேயே படியேறிப் போய்விட்டாள். மானங்கெட்டவளே என்று வாய்வரை வந்தது எனக்கு.

ஜன்னல் திறந்தது. அவள் சாய்ந்து நின்றாள். கேமராக்கள் உயர்ந்தன. அப்போது தொண்டை கிழியக் கத்தினாள் பாருங்கள்!

"இது என் வீடு! நாப்பது வருஷம் வாழ்ந்த வீடு! என் புருஷன் உயிர் போனது இந்த ஜன்னலோரத்துல! திரும்பி வரலாம்னு பொய் சொல்லித் தொரத்திட்டானுங்க, திருட்டுப் பசங்க! நீங்க படுத்துத் தூங்கறது என் ரூமுல!"

கூட்டத்துக்கு எங்கள் பாஷை ஒரு சொல்லும் புரியவில்லை. கைதட்டினார்கள். ஒருத்தி முத்தம் பறக்கவிட்டாள். இடலினா அழுதுகொண்டே இன்னும் கத்தினாள். அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

டுவார்ட்டேவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கீழே இறங்கி வந்து என் காதருகே சொன்னான்: "பிரமாதம்மா! நாளைக்கும் இதையே சொல்லச் சொல்லுங்க. கைய மட்டும் இன்னும் கொஞ்சம் ஆட்டணும்."

நான் செருப்பைக் கழற்றினேன். கேமராக்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின.