எழுபத்து நான்கும் எண்பத்தெட்டும்

வியாழக்கிழமை மாலை, ஆட்டப் படம் போட்டுப் பார்க்கும் அறையிலிருந்து மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு, கர்ட் வெய்லண்ட் தன் நோட்டை அமெரிக்கக் கால்பந்து அணியின் கோச் ரூடி கான்டரின் முன்னால் விரித்து வைத்தான். மூன்று வாரமாக உட்கார்ந்து எழுதியது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை எண்ணியிருந்தான்.

"என்னடா இது?"

"நம்ம ஆட்டம்தான், கோச். இந்த வருஷம் நானும் ஜேஸும் சேர்ந்து இறங்கினது அறுபத்திரண்டு தடவை. அதுல நாப்பத்தொரு தடவை ஜேஸ் மேல ரெண்டு பேர் நின்னிருக்காங்க. என்னை ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல. நாம ரெண்டு டைட் எண்ட் வச்சு ஆடல. ஒன்றரை வச்சு ஆடறோம்."

கோச் சிரித்தார்.

வரிசையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு டைட் எண்டை, இந்த அணியில் கர்ட்டையும் ஜேஸையும், நிறுத்துவதே எதிராளியைக் குழப்பத்தான். இருவரும் தோள் கொடுத்து முட்டித் தடுக்கப்போகிறார்களா, நழுவி ஓடிப் பந்து பிடிக்கப்போகிறார்களா என்று அவனுக்குத் தெரியக்கூடாது. ஆனால் கர்ட்டின் முதுகில் இருந்த எண் எழுபத்து நான்கு. ஐம்பதிலிருந்து எழுபத்தொன்பது வரை எண் போட்டவன் முன்னால் வீசும் பந்தைப் பிடிக்கக் கூடாது என்பது விதி. அவன் ஓரத்தில் வந்து நின்றதுமே எதிரணியில் ஒருவன் கத்துவான், "இந்தப் பக்கம் ஆள் இல்ல." நெப்ராஸ்காவின் அந்தச் சிறிய கல்லூரியில் நான்கு வருஷமாக அவன் கேட்டுவந்தது அதைத்தான்.

"கடைசி ஆட்டத்துக்கு எண்பத்தெட்டாம் எண் சட்டை தர்றேன்னு ஆகஸ்ட்ல சொன்னீங்க. சனிக்கிழமைதான் கடைசி. தொழில்முறை அணிலேர்ந்து ஆள் தேர்ந்தெடுக்க ஒருத்தர் வர்றாரு. என் கையைப் பாக்காமலே போயிடுவாரு."

"உன் எண்ணைப் பாத்ததும் முட்டத்தான் போறேன்னு நினைச்சு எல்லாரும் முன்னால வந்துடறானுங்க. பின்னால ஜேஸ் காலியா நிக்கறான். நீதான்டா தூண்டில் புழு. புழு எங்கயாவது மீன் பிடிக்குமா?"

"காலியாவா? நாப்பத்தொரு தடவை ரெண்டு பேர்னு இப்பத்தானே சொன்னேன்."

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

"எனக்கு இதுதான் கடைசி வருஷம், கோச்."

கோச் நோட்டை மூடி அவன் பக்கம் தள்ளினார். "போறப்ப விளக்கை அணைச்சிட்டுப் போ."

கர்ட் அணைத்துவிட்டுத்தான் போனான். அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை, அறுவடை முடிந்த சோளக்காட்டைத் தாண்டி வந்த காற்று காதை அறுத்தது. எதிரணியின் ஐம்பத்திரண்டாம் எண்காரன் முதல் பாதியிலேயே பதினோரு தடவை கத்திவிட்டான். எண்ண வேண்டாம் என்று நினைத்தும் கர்ட் எண்ணினான்.

"நான் வேணா உன் பக்கம் வந்து துணைக்கு நிக்கட்டுமா?" என்றான் ஜேஸ். "ஆள் இல்லாத பக்கத்துல தனியா நிக்கறியே, பயமா இருக்கும்."

"உன் மேல ரெண்டு பேர் படுத்திருக்கானுங்க. முதல்ல எழுந்திரு."

மூன்றாம் கால்பகுதியில் ஐம்பத்திரண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். தோள் தையல் ஒரு சாண் விட்டது. கர்ட் ஓரத்துக்கு வந்து, அணியின் சட்டை சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஓபலிடம் தோளைக் காட்டினான்.

"ரெண்டு தையல் போடுங்கக்கா."

ஓபல் கோச்சின் முதுகை ஒரு தடவை பார்த்தாள். கிழிசலுக்குள் இரண்டு விரலை விட்டு இடுப்பு வரை கிழித்தாள்.

"இதைத் தைக்க முடியாது."

"எழுபத்து நாலுக்கு மாத்துச் சட்டை?"

"துவைச்சது காயல. இது ஒண்ணுதான் இருக்கு." பைக்குள்ளிருந்து எண்பத்தெட்டு வந்தது. இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. "சீக்கிரம் போடு எருமை, குளிருது."

நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார், எழுபத்து நான்கு இனி எண்பத்தெட்டு என்று. கோச் வேகமாக வந்தார். "யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"கிழிஞ்ச சட்டையோட ஆடக்கூடாதாமே, கோச். விதியெல்லாம் நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரியும்."

அடுத்த தடவை வரிசையில் வந்து நின்றதும் ஐம்பத்திரண்டு வாயைத் திறந்தான், கர்ட்டின் மார்பைப் பார்த்தான், மூடிக்கொண்டான். ஜேஸ் மேல் நின்ற இருவரில் ஒருவன் கர்ட்டின் பக்கம் நகர்ந்தான். மிச்சமிருந்த ஒருவனை ஜேஸ் சுலபமாகத் தாண்டி இருபது கெஜத்துக்குப் பந்தைப் பிடித்தான். கர்ட் நோட்டில் எழுதியிருந்தது அப்படியே நடந்தது.

"பாத்தியா?" என்று ஓரத்திலிருந்து கோச் கைதட்டினார். "புழு இப்பதான் நல்லா நெளியுது."

கர்ட்டின் காது சூடானது. பந்தை யாருக்கு வீசுவது என்று காட்டும் கோச்சின் கைஜாடை அதற்குப் பிறகும் ஒரு தடவைகூட அவன் பேரைச் சொல்லவில்லை.

நான்கு நிமிஷம் மிச்சம். மூன்று புள்ளி பின்னால். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு ஒன்பது கெஜம்; பந்தோடு அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. எல்லாரும் குனிந்து கூடி நின்றபோது பந்து வீசுகிறவன், "மறுபடியும் ஜேஸுக்குத்தான்" என்றான்.

"எனக்கு வேணாம்," என்றான் ஜேஸ். "நான் நடுவுல ஓடி ரெண்டு பேரை இழுத்துட்டுப் போறேன். நீ அந்தப் பக்கம் பாரு. அங்க ஆள் இருக்கான்."

கர்ட் ஐம்பத்திரண்டின் மேல் முழுத் தோளோடு மோதினான். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினான். இவன் முட்டத்தான் வந்திருக்கிறான் என்று நம்பி ஐம்பத்திரண்டு அவனைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தான். கர்ட் நழுவினான். சுற்றிலும் யாருமில்லை. பந்து வந்தது. விட்டுவிட்டால் கோச் சொன்னதுதான் சரியென்று ஆகிவிடும் என்ற பயம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தான்.

ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் பச்சைக் கம்பளிக் குல்லாய் போட்ட தேர்வாளர் கோச்சிடம் பேசிக்கொண்டிருந்தார். கையில் காபி.

"உங்க எழுபத்து நாலு நல்லா முட்டறான். ஆனா கை எப்படின்னு தெரியலயே. நான் காபி வாங்கப் போய்ட்டு வர்றதுக்குள்ள அடிபட்டு வெளிய போயிட்டானா? அப்புறம் அந்த எண்பத்தெட்டு யாரு? ஆட்டக்காரங்க பட்டியல்ல அந்த எண்ணே இல்ல."

கோச் தொண்டையைச் செருமினார். கர்ட் வந்து கிழிந்த சட்டையை வேலியின் மேல் விரித்துப் போட்டான்.

"இது நான். போட்டிருக்கற இதுவும் நான். முட்டினது, பிடிச்சது, ரெண்டும் ஒரே ஆள். ஒரே வரியில எழுதுங்க."

தேர்வாளர் சட்டையையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். காபியை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"கடைசி ஆட்டத்துக்கு மாத்தித் தரணும்னு நானே ஆகஸ்ட்லயே..." என்று ஆரம்பித்தார் கோச்.

"இல்ல, கோச்," என்றான் கர்ட். "நீங்க தரல. விளக்கை அணைச்சிட்டுப் போகச் சொன்னீங்க."

பிறகு தேர்வாளரிடம் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அவர் எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.